அலையே இல்லாத கடலில் வந்த மயக்கம்

நங்கூரம் போட்டு நின்ற படகு அது. மே மாதம், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிற நேரம், அதனால் தென்கடல்தான் கொந்தளிக்கும். நாங்கள் நின்றது வடகடல் பக்கம், ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்கு வடக்கே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. அந்தப் படகில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஐந்து பேருக்குத் தலைவலி, அதில் மூன்று பேருக்கு வாந்தி, ஒன்பது வயதான என் அக்கா மகள் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் முதலில் சொன்னது ஒரே வார்த்தை: கடல் மயக்கம்.

கடல் மயக்கம் இல்லை. ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு. யாரும் சாகவில்லை, எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். ஆனால் இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது. படகு எஞ்சின் வேலை பார்த்துத்தான் நான் சாப்பிடுகிறேன், அன்றைக்கு அதே படகில் இருந்தேன், அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

படகு எப்படி இருந்தது

மச்சானுடைய படகு. 30 அடி பைபர், உள்ளே டீசல் எஞ்சின். மீன்பிடிக்க வைத்திருப்பதல்ல. விடுமுறைக்கு ஊருக்கு வரும் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் ஒரு சுற்று போய்வர வைத்திருக்கிறார். நடுவில் பிளைவுட்டில் அடித்து பைபர் பூசிய ஒரு சின்ன அறை, உள்ளே பாய் விரித்தால் ஆறு பேர் படுக்கலாம். முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் ஜன்னல் மாதிரித் திறப்பு, அவற்றுக்குச் சுருட்டி இறக்குகிற தார்ப்பாய். பின்பக்கம் கதவே கிடையாது, அப்படியே பின்தட்டுக்குத் திறந்திருக்கும். அந்தப் பின்தட்டில் ஒரு ஓரமாகக் கயிற்றால் கட்டிய 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், அதன் சைலன்சர் கடலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். சின்ன ஃப்ரீசர், இரண்டு ஃபேன், நாலு லைட், ஒரு ஸ்பீக்கர், எல்லாம் அதில்தான் ஓடும். "புகை பின்னாடி கடலுக்குத்தானே போகுது" என்று மச்சான் சொல்வார், நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

என்ன நடந்தது

மொத்தம் பதினோரு பேர், அதில் நாலு பிள்ளைகள். 5 மணிக்கு நங்கூரம் போட்டோம். 5:10-க்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அறைக்குள் ஏழு பேர், அணியத்தில் நான், மச்சான், சித்தப்பா மகன், அவன் மனைவி. அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி, உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று முன்னால் வந்து உட்கார்ந்தவள். அந்தப் புழுக்கத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

5:30 வாக்கில் காற்று கொஞ்சம் பலத்தது. முன்பக்கத் தார்ப்பாய் படபடவென்று அடிக்கிறது, பிள்ளைகள் மேல் தண்ணீர் தெறிக்கிறது என்று அக்கா அதை இறக்கிக் கட்டினாள், அப்புறம் பக்கவாட்டிலும் இறக்கினாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

6 மணி தாண்டியதும் அக்கா மகள் தலைவலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். அவள் தம்பி வாந்தி எடுத்தான். எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், நெற்றியில் தைலம் தேய்த்தார்கள். அக்காவுக்கும் தலை கனமாக இருந்திருக்கிறது, வெயிலில் அலைந்ததால் என்று நினைத்துக்கொண்டு சொல்லவே இல்லை. சின்னவன் இரண்டாவது முறை வாந்தி எடுத்தபோது நான் எட்டிப் பார்த்து, "கரைக்குப் போயிடலாமாக்கா?" என்றேன். "இருடா, மீன் பொரிச்சிட்டுப் போவோம்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். அந்த இடம்தான் என்னை உறுத்துகிறது.

6:50 இருக்கும். மச்சானின் அப்பா அறையிலிருந்து தவழ்ந்த மாதிரி வெளியே வந்து வாந்தி எடுத்தார். நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷன். கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, புயல்லயே நான் வாந்தி எடுத்தது இல்ல. நிக்கிற படகுல எனக்கு எப்படிய்யா மயக்கம் வரும்?"

அந்தக் கேள்விதான் எல்லோரையும் காப்பாற்றியது. அறைக்குள் இருந்த பெரியவர்கள், பிள்ளைகள் என்று ஐந்து பேருக்கு முடியவில்லை, அணியத்தில் இருந்த நாலு பேருக்கு ஒன்றும் இல்லை. கடல் மயக்கம் அப்படி இடம் பார்த்து வராது. ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன், தார்ப்பாய்க் கயிறுகளை அறுத்தேன், ஒவ்வொருவராக அணியத்துக்குத் தூக்கி வந்தோம். அக்கா மகளைத் தூக்கும்போது அவள் தலை துவண்டு தொங்கியது. ஐந்து நிமிஷம் காற்றில் கிடத்திய பிறகுதான் கண் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில்

7:25-க்குக் கரை. பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். விரலில் கிளிப் மாட்டினார்கள், 98 காட்டியது. ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்கள் அக்கறையாகத்தான் பார்த்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் இந்த 98 ஒரு பெரிய பொறி. விரல் கிளிப் ரத்தத்தின் நிறத்தை ஒளியால் பார்த்துக் கணக்குப் போடுகிறது. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஒட்டியிருந்தாலும் கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருந்தாலும் அந்தக் கருவிக்கு ஏறக்குறைய ஒரே சிவப்புதான். நஞ்சு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்று காட்டும்.

மனசு கேட்கவில்லை. காரிலேயே பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போனோம். இதுவும் தப்பு. 108-ஐக் கூப்பிட்டிருந்தால் வழியிலேயே மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்திருப்பார்கள். அங்கே இருந்த டாக்டரிடம் "ஜெனரேட்டர் புகை" என்று சொன்னவுடனே அவர் கேட்ட முதல் கேள்வி, "படகில் கர்ப்பிணி யாராவது இருந்தார்களா?" வயிற்றுக் குழந்தையின் ரத்தம் இந்த வாயுவைத் தாயின் ரத்தத்தைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், விடுவதற்கும் அதிக நேரம் எடுக்கும் என்று விளக்கினார். 9 மணிக்கு ரத்தம் எடுத்து அளந்தார்கள். அக்கா மகளுக்கு 18 சதவீதம், அதாவது ஹீமோகுளோபினில் அவ்வளவு பங்கை அந்த வாயு பிடித்து வைத்திருந்தது. புகை பிடிக்காத ஒருவருக்கு அது 2, 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சாதாரணக் காற்றை மூச்சு வாங்கினால் அது பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். அந்தக் கணக்கில் படகில் இருந்தபோது அவளுக்கு 25-ஐ ஒட்டி இருந்திருக்கும் என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க மாஸ்க். மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது, சில வாரங்கள் கழித்தும் ஞாபக மறதி, நடையில் தடுமாற்றம், குணத்தில் மாற்றம் வரலாம், அப்படி வந்தால் உடனே அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். வரவில்லை.

திரும்பப் போய் அளந்தது

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்று. திறந்த கடல், பலத்த காற்று, ஜெனரேட்டர் அறைக்கு வெளியே, சைலன்சர் கடல் பக்கம். பிறகு எப்படி உள்ளே வந்தது?

பத்து நாள் கழித்து, அதே மாதிரி கச்சான் அடித்த ஒரு சாயங்காலம், அதே இடத்துக்கு நானும் மச்சானும் மட்டும் போனோம். தொட்டிக்குள் இறங்கி வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் கையடக்க வாயு மீட்டர் இரவல் வாங்கியிருந்தேன், 1000 பி.பி.எம். வரை காட்டும், பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நாங்கள் அறைக்குள் போகவில்லை. ஒரு கம்பில் மீட்டரைக் கட்டி முன் திறப்பு வழியாக உள்ளே நீட்டி, பாயில் படுத்தால் தலை இருக்கும் உயரத்தில் வைத்தோம். தார்ப்பாய்களை அன்றைக்குப் போலவே இறக்கிக் கட்டினோம்.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி கால் மணி நேரத்தில் 180. நாற்பது நிமிஷத்தில் 460. ஒரு மணி நேரத்தில் 600-ஐத் தாண்டியது, அதோடு நிறுத்திவிட்டோம். அணியத்தில் நாங்கள் நின்ற இடத்தில் கடைசிவரை பூஜ்யம். 400 பி.பி.எம்.மில் ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தால் நல்ல தலைவலி வரும். 800-இல் முக்கால் மணி நேரத்துக்குள் தலைசுற்றலும் குமட்டலும் வரும், இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிரே போகலாம். பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுகிறவர்கள், உடம்பும் சின்னது, அவர்களுக்கு முந்தி ஏறும். நம் ரத்தம் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இந்த வாயுவை விரும்பிப் பிடிக்கிறது. அதனால்தான் காற்றில் இவ்வளவு சின்னப் பங்கு இருந்தாலே ஆளைக் கவிழ்க்கிறது.

காரணம் காற்றும் அறையின் வடிவமும்தான். அணியத்தில் நங்கூரம் போட்டால் படகு மூக்கைக் காற்றுக்குக் காட்டித்தான் நிற்கும். கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது, எங்கள் அணியம் கரையைப் பார்த்தது, பின்தட்டு காற்று மறைவில் இருந்தது. காற்று அறையின் கூரை மேலும் பக்கங்களிலும் ஏறிப் பாய்ந்து போகும்போது அறைக்கு நேர் பின்னால் அழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. அந்தச் சுழலுக்குள்தான் ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. கடலைப் பார்த்து விட்ட புகை சுழன்று திரும்பி, கதவில்லாத பின்பக்கம் வழியாக அறைக்குள் வந்துவிடுகிறது. மண் ரோட்டில் பின்கதவைத் திறந்துபோட்டு ஓடுகிற வேனைப் பார்த்திருப்பீர்கள், புழுதி பின்னால்தான் கிளம்புகிறது, ஆனால் வண்டிக்குள் இருப்பவர்கள் தலையெல்லாம் மண். அதே கதைதான். முன் தார்ப்பாய் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து புகையைப் பின்னால் தள்ளியிருக்கும். அதையும் மூடியதும் அறை, புகையை உறிஞ்சிச் சேர்த்து வைக்கிற பெட்டியாகிவிட்டது. மூன்று தார்ப்பாயையும் தூக்கிவிட்டு மறுபடி அளந்தோம், பத்து நிமிஷத்தில் 60-க்குக் கீழே இறங்கியது. ஆனால் ஜெனரேட்டர் ஓடும்வரை பூஜ்யத்துக்கு வரவே இல்லை.

கரையில் கேட்டவர்கள் "டீசல் எஞ்சின்தானே கரும்புகை விடும், இது சின்ன ஜெனரேட்டர்தானே" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்து வந்தவன். டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் காற்றை இழுத்து எரிக்கிறது, அதனால் கரி தெரியும், கார்பன் மோனாக்சைடு குறைவு. கார்புரேட்டர் வைத்த சின்ன பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது, பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே வருகிறது, புகை கண்ணுக்கே தெரியாது. கையில் தூக்கிப் போகிற ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்கு இந்த வாயுவை விடும் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. எடையும் ஏறக்குறைய காற்றின் எடைதான், அதனால் மேலே போய்விடும், கீழே தங்கிவிடும் என்ற பேச்சுக்கெல்லாம் இடமில்லை, அறை முழுக்கச் சமமாகக் கலந்து நிற்கும்.

வேறு இடத்தில் இதே வாயுவால் சாவு

அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா எல்லையில் பவல் ஏரி இருக்கிறது, அங்கே வீட்டுப்படகில் குடும்பத்தோடு போய்த் தங்குவார்கள். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே இரண்டு சிறுவர்கள், அண்ணன் தம்பி, படகின் பின்தட்டுக்கு அடியில் நீந்தப் போய் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை அந்தத் தட்டுக்குக் கீழேதான் வெளியேறும்படி படகைக் கட்டியிருந்தார்கள். அதன்பின் நியோஷ் என்கிற அரசு நிறுவனம் போய் அளந்தபோது அந்த இடுக்கில் பல்லாயிரம் பி.பி.எம். இருந்தது, நாலைந்து மூச்சில் ஆளைச் சாய்க்கிற அளவு. பழைய கணக்குகளைப் புரட்டியபோது, நீரில் மூழ்கிச் சாவு என்று எழுதப்பட்ட சிலவற்றுக்கும் இந்த வாயுதான் காரணம் என்று தெரிந்தது. அப்புறம்தான் அங்கே ஜெனரேட்டர் புகையைக் கூரைக்கு மேலே உயரமான குழாயில் விடும் வழக்கம் வந்தது.

இதைப் படித்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பிள்ளைகளும் படகின் பின் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குவார்கள், எஞ்சின் மெதுவாக உருமிக்கொண்டிருக்கும், சத்தமாகச் சிரிப்பார்கள், நாமும் போட்டோ எடுப்போம். திறந்த வெளியிலேயே, சைலன்சருக்குப் பக்கத்தில் தண்ணீர் மட்டத்தில் தலை இருந்தால், கை வலுவிழந்து பிடி நழுவ அதிக நேரம் வேண்டாம். நன்றாக நீந்தத் தெரிந்தவன் மூழ்கினான் என்றால், பக்கத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேளுங்கள், ரத்தத்தில் இந்த வாயுவை அளக்கச் சொல்லுங்கள்.

என்ன மாற்றினோம்

முதல் வேலையாக ஜெனரேட்டரைப் படகிலிருந்து இறக்கினோம். குழாய் நீட்டலாம், மேலே தூக்கி வைக்கலாம் என்றெல்லாம் மச்சான் யோசனை சொன்னார். மீட்டர் எண்ணைக் காட்டினேன், அதோடு பேச்சு முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தேவையே இல்லை. இரண்டு ஃபேன் 50 வாட், நாலு எல்இடி லைட் 36 வாட், ஸ்பீக்கர் 30 வாட், மொத்தம் 120-க்குள். நாலு மணி நேரம் ஓட்டினால் 480 வாட் அவர். 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ஒன்றில் 1200 வாட் அவர் இருக்கிறது, பாதிக்குமேல் இறக்காமல் பயன்படுத்தினாலே 600 கிடைக்கும். ஒரு பேட்டரி, ஒரு சின்ன இன்வெர்ட்டர், கூரை மேல் ஒரு சோலார் பலகை. ஃப்ரீசருக்குப் பதில் ஐஸ் பெட்டி. ஐஸ் கம்பெனி நிறைந்த கரையில் இருந்துகொண்டு ஃப்ரீசருக்காக பெட்ரோல் எரித்ததை என்னவென்று சொல்வது.

டீசல் எஞ்சினையும் சும்மா விடவில்லை. எக்சாஸ்ட் குழாய் சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிந்தது, கேஸ்கெட் உப்பில் அரித்துப் போயிருந்தது, மாற்றினேன். எஞ்சின் அறைக்கும் படுக்கும் அறைக்கும் நடுவே வயர் போகும் துளைகள் மூன்று திறந்தே கிடந்தன, அடைத்தேன். வருஷத்துக்கு ஒரு முறை படகைக் கரையேற்றும்போது இந்த இரண்டையும் பார்க்காதவர்கள் தயவுசெய்து பாருங்கள்.

அப்புறம் அலாரம். புகை அலாரம் வேறு, அது இந்த வாயுவைக் கண்டுகொள்ளாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று கேட்டு வாங்க வேண்டும், அதிலும் உப்புக்காற்றையும் அதிர்வையும் தாங்கும் படகு வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்கத் தரத்தின்படி செய்ததாக இருந்தால் 400 பி.பி.எம். இருக்கும்போது 4 முதல் 15 நிமிஷத்துக்குள்ளும், 150 இருக்கும்போது 10 முதல் 50 நிமிஷத்துக்குள்ளும் அலறும். அன்றைக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் பிள்ளைகள் படுப்பதற்கு முன்பே கத்தியிருக்கும். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் 5 முதல் 7 வருஷம், பின்னால் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றாத ஆட்கள்கூட இதை வாங்கி வைப்பதில்லை, நானும் அதுவரை வைத்ததில்லை.

மச்சான் படகில் இப்போது சில பழக்கங்கள் கட்டாயம். யாராவது தண்ணீரில் இறங்குவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி சாவியைக் கையில் எடுத்துக்கொள்வார். பின்தட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார யாரையும் விடுவதில்லை. அறைக்குள்ளும் தார்ப்பாய்க்குள்ளும் கரி அடுப்பு கிடையாது, கரி நெருப்பும் இதே வாயுவை விடும். மழை பெய்து தார்ப்பாய் இறக்க வேண்டி வந்தால் முன்பக்கம் ஒரு சாண் திறந்தே இருக்கும்.

படகில் யாருக்காவது தலைவலியோ குமட்டலோ வந்து, பக்கத்தில் எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருந்தால், கடல் மயக்கம் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள், ஆளைக் காற்று வரும் பக்கம் கொண்டுபோங்கள், அறையில் தூங்குகிறவர்களை எழுப்பிப் பாருங்கள். கடலில் உதவி வேண்டுமென்றால் கடலோரக் காவல்படையின் 1554, கரையில் 108. எடுத்தவுடனே "எஞ்சின் புகை" என்று சொல்லுங்கள், விரல் கிளிப்பில் 98 காட்டினாலும் ஆக்சிஜன் கேளுங்கள்.

ஜூலையில் மறுபடி குடும்பத்தோடு போனோம், அதே வடகடல். தெரிந்தவர் ஒருவர் தன் பைபர் படகைக் கொண்டுவந்து எங்கள் படகோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அவுட்போர்டை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். நானும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அறைக்குள் மாட்டியிருந்த, எண் காட்டும் அலாரம் அலறவில்லை, அதற்கு இன்னும் நேரம் இருந்தது. அறைக்குள்ளிருந்து அக்கா மகள்தான் கூப்பிட்டாள். "மாமா, இங்க 90 காட்டுது." பிள்ளைகளை அணியத்துக்கு வரச் சொல்லிவிட்டு அவரை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். எண் இறங்கி பூஜ்யம் வரும்வரை அவள் வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.